தானாக அணையும் டெஸ்க்டாப்: எங்கே தேடினேன், எப்படிப் பிடித்தேன்

மன்னார்குடியில் என் மாமா ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். இன்டெல் ஐ5-4460 பிராசசர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸுக்கு ஒரு எஸ்எஸ்டி, படங்களுக்கு ஒரு ஹார்டு டிஸ்க். எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை), வாங்கும்போது கேபினெட்டோடு சேர்ந்து வந்ததுதான் இன்னமும் உள்ளே இருந்தது. பழைய மெஷின் என்றாலும் அந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். முகூர்த்த மாதத்தில், வேலை தலைக்கு மேல் இருக்கும்போது, அது பட்டென்று அணைய ஆரம்பித்தது.

பழுது பார்க்க வந்த ஒருவர் முதலில் விண்டோஸை ஃபார்மேட் செய்து கொடுத்தார். சரியாகவில்லை. அடுத்து வந்தபோது, போர்டு போய்விட்டது, புது செட்டாகவே வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். போர்டை மாற்றுவது என்றால் இந்தத் தலைமுறை பிராசசருக்குப் புதிய போர்டு எளிதில் கிடைக்காது. பிராசசர், ராம் எல்லாமே சேர்ந்து மாறும். ஒரு சீசன் வருமானம் அதிலேயே போய்விடும். அதனால்தான் நான் போனேன்.

ஃபார்மேட் செய்வதை இந்த நோய்க்கு முதல் மருந்தாக நான் ஏற்கவே மாட்டேன். அணைகிற விதத்தைக் கவனித்தாலே பாதி வழி தெரிந்துவிடும். மாமாவிடம் முதலில் கேட்டதெல்லாம் அதைத்தான். நீல நிறத்தில் ஏதாவது எழுத்து வந்து ரீஸ்டார்ட் ஆகிறதா? "ஷட்டிங் டவுன்" என்று காட்டிவிட்டு நிதானமாக அணைகிறதா? இல்லை, பிளக்கைப் பிடுங்கியது போல ஒரே நொடியில் போகிறதா?

"ஒரே நொடிதான் மாப்ளே. ஃபேன் சத்தம்கூட டக்குனு நின்னுடும். பட்டனை அழுத்தினா உடனே வராது. பின்னாடி சுவிட்சை ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டாத்தான் வரும்."

"அப்போ மானிட்டரும் சேர்ந்து அணையுதா மாமா?"

"இல்லையே, அது எரியுது. நோ சிக்னல்னு ஓடும்."

இந்த ரெண்டு பதிலும் எனக்குப் பெரிய உதவி. மானிட்டரும் கம்ப்யூட்டரும் ஒரே யு.பி.எஸ்.ஸில்தான் ஓடுகின்றன. யு.பி.எஸ். கைவிட்டிருந்தால் மானிட்டரும் போயிருக்கும். மானிட்டர் எரிந்துகொண்டிருக்கிறது என்றால் யு.பி.எஸ்., சுவர் பிளக், தெரு கரண்ட் எல்லாவற்றின் மேலும் சந்தேகம் பெருமளவு குறைந்துவிடுகிறது. பழுது கேபினெட்டுக்குள். அடுத்தது, பின்பக்க சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் உயிர் வருகிறது என்பது. எஸ்.எம்.பி.எஸ். தன் பாதுகாப்புக்காகத் தானே பூட்டிக்கொண்டால், பல நேரம் மெயின் கரண்ட்டைத் துண்டித்துக் கொஞ்ச நேரம் விட்டால்தான் மறுபடி எழும். வெறும் சூட்டினால் அணையும் மெஷின் பெரும்பாலும் பட்டனுக்கு உடனே எழுந்து, சூடு தணியாததால் முன்பைவிடச் சீக்கிரம் மறுபடி விழும். இருந்தாலும் இதை மட்டும் நம்பி எஸ்.எம்.பி.எஸ். வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அடுத்து ஈவென்ட் வியூவர், விண்டோஸ் தனக்கு நடந்ததை எழுதி வைக்கும் பதிவேடு. ஸ்டார்ட் மெனுவில் தேடித் திறந்தால், விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழே சிஸ்டம் என்று இருக்கும். அதில் சிவப்புக் குறியுடன் கெர்னல்-பவர் 41 வரிசையாக நின்றது. பக்கத்திலேயே 6008. இந்த 41-ஐப் பார்த்ததும் பலரும் அதைத்தான் நோய் என்று நினைத்து, அதை எப்படி நீக்குவது என்று தேடுகிறார்கள். அது அடுத்த முறை விண்டோஸ் எழும்போது, "கடைசியாக நான் முறையாக அணைக்கப்படவில்லை" என்று எழுதி வைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். பயனுள்ள தகவல் அதன் டீடெய்ல்ஸ் பகுதியில் இருக்கிறது. பக்செக்கோடு என்ற வரியில் 0 தவிர வேறு எண் இருந்தால் நீலத்திரைப் பிழை வந்திருக்கிறது. டிரைவர், ராம், டிஸ்க் பக்கம் தேடலாம். எல்லாவற்றிலும் 0 என்றால், விண்டோஸுக்கு ஒரு வார்த்தை எழுதக்கூட நேரம் கிடைக்காமல் மின்சாரம் போயிருக்க வாய்ப்பு அதிகம். மாமாவின் கம்ப்யூட்டரில் எல்லாமே 0. யாராவது அல்லது ஏதாவது ஒரு புரோகிராம் கேட்டு அணைந்திருந்தால் 1074 என்ற எண் பதிவாகியிருக்கும். அணைந்த நேரங்களில் அது இல்லை.

ஃபார்மேட் செய்ததற்குப் பிந்தைய பதிவுகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. அதுவே போதுமானதாக இருந்தது. நேரங்களை ஒரு தாளில் எழுதி, மாமாவின் வேலை நோட்டோடு ஒப்பிட்டேன். கணக்கு எழுதும்போது, பாஸ்போர்ட் போட்டோ வெட்டும்போது ஒன்றுமில்லை. பிரீமியரில் வீடியோ எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் பக்கத்தில் போட்டோஷாப்பில் ஆல்பம் செய்யும் நேரங்களில்தான் விழுந்திருக்கிறது. அதாவது மெஷின் முழு மூச்சில் உழைக்கும்போது மட்டும். அப்படியென்றால் ரெண்டு சந்தேகங்கள் முன்னே வருகின்றன: சூடு, அல்லது எஸ்.எம்.பி.எஸ்.

மூன்றாவதாக ஒன்றை முதலிலேயே கழித்துவிடுவது என் வழக்கம், ஏனென்றால் அதற்குக் காசு செலவில்லை. முன்பக்க பவர் பட்டன். அது உள்ளே சிக்கி அழுந்திக்கொண்டால், 4 நொடி அழுத்திப் பிடித்த கணக்காகி மெஷின் பட்டென்று அணைந்துவிடும். போர்டில் பவர் சுவிட்ச் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த ரெண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு ஆன் செய்தேன். அன்று மாலை எக்ஸ்போர்ட் போட்டபோது, பட்டனே இணைக்காத நிலையிலும் அணைந்தது. பட்டன் நிரபராதி.

சரி, சூடு. கேபினெட்டைத் திறந்ததும் யாருக்குமே சூடுதான் காரணம் என்று தோன்றும். பிராசசர் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் உண்டு. அவற்றில் ஒன்று சரியாக அமராமல் தூக்கிக்கொண்டு நின்றது. கழற்றிப் பார்த்தால், பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. ஆனால் உடனே சுத்தம் செய்யவில்லை. முதலில் சுத்தம் செய்துவிட்டால், எது காரணம் என்று காட்டும் சாட்சியையும் சேர்த்துத் துடைத்துவிடுவோம். கூலரை அப்படியே திரும்ப மாட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். சென்சார் பகுதியில் லாகிங் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் வெப்பம், ஃபேன் வேகம், மின்னழுத்தம், பிராசசர் வேகம் எல்லாவற்றையும் ரெண்டு நொடிக்கு ஒருமுறை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். மெஷின் செத்தாலும் கோப்பு டிஸ்க்கில் இருக்கும். மறுபடி ஆன் செய்து கடைசி வரியைப் பார்த்தால், சாகும்போது என்ன நிலைமையில் இருந்தது என்று தெரியும்.

பிரீமியரையும் போட்டோஷாப்பையும் ஓடவிட்டோம். சில நிமிடங்களில் அணைந்தது. கோப்பைத் திறந்து கடைசி வரிகளைப் பார்த்தோம். பிராசசர் 86 டிகிரி. கிராபிக்ஸ் கார்டு 64. பிராசசர் வேகம் குறையவே இல்லை.

இந்தக் கடைசித் தகவல்தான் முக்கியம். இன்டெல் பிராசசர் சூடானால் நேரே அணைந்துவிடாது. இந்த வகைப் பிராசசரில் சுமார் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடு ஏறினால்தான், கடைசிப் பாதுகாப்பாக மொத்தமாக அணைக்கும். சூட்டினால் விழுந்திருந்தால், கடைசி வரிகளில் வேகம் சரிந்திருக்க வேண்டும், டிகிரி 100-ஐத் தொட்டிருக்க வேண்டும். 86 என்பது நல்ல எண் என்று சொல்லமாட்டேன். ஆனால் அணைப்பதற்கான காரணம் அது ஆகாது.

அப்புறம்தான் சுத்தம் செய்தேன். புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வது நல்லது. காற்றில் அது அசுர வேகத்தில் சுற்றினால் பேரிங் கெடும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, கால்களைக் குறுக்காக ஜோடி ஜோடியாக அழுத்தி உட்கார வைத்தேன். போர்டைத் திருப்பிப் பார்த்து நான்கு கால்களும் முழுசாக வெளியே வந்திருப்பதை உறுதி செய்துகொண்டேன். முழுச் சுமையில் பிராசசர் 66 டிகிரிக்கு இறங்கியது. ஆனாலும் எக்ஸ்போர்ட் நடுவில் மெஷின் அணைந்தது. மாமா முகம் வாடிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் தெளிவுதான்: சூட்டைப் பட்டியலிலிருந்து முழுசாக அடித்துவிடலாம்.

இப்போது சுமையைப் பிரித்துப் பார்க்கும் வேலை. பிரைம்95 பிராசசரை மட்டும் பிழிந்தெடுக்கும். ஃபர்மார்க் கிராபிக்ஸ் கார்டை மட்டும். முதலில் பிரைம்95 தனியாக ஓடியது, அசையவில்லை. ஃபர்மார்க் தனியாக ஓடியது, அதுவும் அசையவில்லை. ரெண்டையும் சேர்த்துப் போட்டதும் பட்டென்று போனது. மறுபடி செய்தும் அதேதான். பிராசசரோ கிராபிக்ஸ் கார்டோ தனியாகப் பழுதாகியிருந்தால் ஏதோ ஒரு தனிச் சோதனையில் விழுந்திருக்கும். ரெண்டும் சேர்ந்து கேட்கும் மின்சாரத்தைக் கொடுக்க முடியாத ஒன்று நடுவில் இருக்கிறது.

இந்த இடத்தில் எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தேன். பெரிய எழுத்தில் 450 வாட்ஸ். கீழே சின்ன எழுத்தில் அட்டவணை: 12 வோல்ட்டில் 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட்ஸ். இந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டில்தான். மீதி வாட்ஸை 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் காட்டிக் கூட்டி 450 ஆக்கியிருக்கிறார்கள். அது நமக்குப் பயன்படாத மின்சாரம். ஐ5-4460 பிராசசரின் டி.டி.பி. (முழு உழைப்பில் ஆகும் மின்செலவின் தோராயக் கணக்கு) 84 வாட்ஸ், ஜிடிஎக்ஸ் 750 டிஐ-க்கு 60 வாட்ஸ். போர்டில் மின்னழுத்தத்தை மாற்றும்போது ஆகும் இழப்பு, ஹார்டு டிஸ்க், ஃபேன்கள் எல்லாம் சேர்த்தால் 175 பக்கம் வரும். புதிதாக இருந்தபோதே விளிம்பில் ஓடிய சப்ளை. எஸ்.எம்.பி.எஸ். வாங்கும் யாரும் முதலில் பார்க்க வேண்டியது 12 வோல்ட் வரிசையின் ஆம்பியரைத்தான். கடையில் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

லேபிளை நம்பித் தீர்ப்புச் சொல்லாமல் மல்டிமீட்டரை எடுத்தேன். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் பழைய நான்கு துளை மோலெக்ஸ் பிளக் ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு ஒயர் துளையிலும் சிவப்பு முனையை மஞ்சள் ஒயர் துளையிலும் செருகினேன். மஞ்சள்தான் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட். முனைகள் ஒன்றோடொன்று தொடக்கூடாது, அதில் மட்டும் கவனம் வேண்டும். டெஸ்க்டாப் சப்ளைகளுக்கான ஏ.டி.எக்ஸ். விதிப்படி இரண்டிலும் 5 சதவீதம் ஏற்ற இறக்கம் இருக்கலாம். அதாவது 12 வோல்ட் 11.40-க்குக் கீழே இறங்கக்கூடாது, 12.60-க்கு மேலே ஏறக்கூடாது.

சும்மா இருக்கும்போது 11.87. பிரைம்95 போட்டதும் 11.61. ஃபர்மார்க்கையும் சேர்த்ததும் மீட்டரில் எண் இறங்குவதைக் கண்ணாலேயே பார்த்தோம். 11.45, 11.38, 11.29, அப்புறம் பூஜ்யம். மாமா பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "கரண்ட்டே கொடுக்க மாட்டேங்குதேடா" என்றார். அதேதான். சிவப்பு ஒயரில் வைத்து இன்னொரு முறை பார்த்தபோது, அதே சுமையில் 5 வோல்ட் 5.08-இலிருந்து 5.21-க்கு ஏறியது. மலிவான சப்ளைகளில் 12-ஐயும் 5-ஐயும் ஒரே கட்டுப்பாட்டில் வைத்திருப்பார்கள். 12 தள்ளாடும்போது அதைத் தூக்கிவிடப் போய் 5 மேலே ஏறும். இந்தக் கண்ணாமூச்சி தெரிந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எச்டபிள்யூஇன்ஃபோவும் 12 வோல்ட் காட்டியது. ஆனால் அது போர்டின் சென்சார் சொல்வது. பல போர்டுகளில் அந்த எண் சரியாக இருக்காது. வெப்பத்துக்கு மென்பொருளை நம்பலாம், மின்னழுத்தத்துக்கு மீட்டரைத்தான் நம்பலாம் என்பது என் கருத்து. அதேபோல 24 பின் பிளக்கில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்து, "ஃபேன் சுத்துது, எஸ்.எம்.பி.எஸ். நல்லாயிருக்கு" என்று சொல்வார்கள். அந்தச் சோதனையில் சப்ளைமேல் சுமையே இல்லை. அது ஆன் ஆகிறதா என்று மட்டும் தெரியும். மாமாவின் சப்ளையும் அதில் அழகாகப் பாஸ் ஆகியிருக்கும்.

கடைசி உறுதிக்கு என் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றிக்கொண்டு போனேன். கேபினெட்டில் பொருத்தவில்லை, மேசை மேல் வைத்து ஒயர்களை மட்டும் மாற்றினேன். பழைய பிராசசர் பிளக்கைக் கழற்றும்போது அதன் துளைகளைப் பார்த்தேன். அங்கே பழுப்பேறி உருகியிருந்தால் போர்டுப் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கும். சுத்தமாக இருந்தது. ரெண்டு சோதனைகளையும் சேர்த்து ஓடவிட்டோம். 12.04-இலிருந்து 11.98-க்கு வந்து அங்கேயே நின்றது. டீ குடித்துவிட்டு வந்தும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மாமாவே ஒரு முழுக் கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டார். பக்கத்தில் ஆல்பத்தையும் திறந்துவைத்தார். அணையவில்லை.

பழைய சப்ளையைத் திறந்து பார்த்தேன். இதைப் படிக்கிறவர்கள் பழக்கமில்லாமல் இதைச் செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 230 வோல்ட்டை நேர்மின்னாக மாற்றி உள்ளே பெரிய கெபாசிட்டரில் சேமிக்கும்போது சுமார் 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே போகாது. நான் நெடுநேரம் பிளக் இல்லாமல் விட்டு, மீட்டரால் அளந்து பார்த்து, மிச்சத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்ட பிறகுதான் கை வைத்தேன். வெளியீட்டுப் பக்கத்தில், மஞ்சள் ஒயர்கள் கிளம்பும் இடத்தில் இருந்த ரெண்டு கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. அந்தத் தலையில் குறுக்கே ஒரு வெட்டு இருக்கும். நல்ல கெபாசிட்டரில் அது தட்டையாக இருக்கும். ஒன்றில் வெட்டு லேசாகப் பிளந்து பழுப்பு நிறக் கசிவு காய்ந்து ஒட்டியிருந்தது. அடிப்பக்கம் படர்ந்திருக்கும் மஞ்சள் பசையைப் பார்த்துக் கசிவு என்று நினைத்துவிடக்கூடாது, அது அசையாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே ஊற்றும் கம். உப்பியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கெபாசிட்டர்களின் வேலை மின்னழுத்தத்தை அலையில்லாமல் சமனாக வைப்பது. உள்ளே இருக்கும் திரவம் வற்ற வற்ற அந்தத் திறன் போய்விடும். மீட்டரில் நான் பார்த்த 11.29 ஒரு சராசரிதான். கணத்துக்குக் கணம் உண்மையில் அதைவிடக் கீழேயும் சரிந்திருக்கும். இவற்றின் ஆயுள் 10 டிகிரி சூடு கூடினால் சுமார் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸில் பொதுவான கணக்கு. மாமாவின் சப்ளையின் ஃபேன் தூசியில் மெதுவாகச் சுற்றியது, கேபினெட் மூடிய மேசைக்குள் இருந்தது. விளிம்பில் ஓடும் சப்ளைக்கு அந்தச் சூடே போதும். 105 டிகிரி ரக கெபாசிட்டர்கள் வாங்கி மாற்றியிருக்கலாம், செலவும் குறைவு. ஆனால் 16 ஆம்பியர் சப்ளை மாற்றிய பிறகும் 16 ஆம்பியர்தான். கல்யாணக் குடும்பத்தின் படங்கள் இருக்கும் மெஷினில் அதை மறுபடி நம்ப எனக்கு விருப்பமில்லை.

80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்) என்ற மின்சிக்கன முத்திரையுள்ள 450 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, 12 வோல்ட்டில் 30 ஆம்பியருக்கு மேல் தருவதாகப் பார்த்து வாங்கினோம். மாட்டியதும் யு.பி.எஸ்.ஸை ஒருமுறை சோதித்தேன். இந்த ரகத்தில் ஆக்டிவ் பி.எஃப்.சி. (மின்சாரத்தை சீராக இழுக்க வைக்கும் சுற்று) இருக்கும், சாதாரண யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறும்போது தருவது சுத்தமான சைன் அலை இல்லை, சில ஜோடிகள் ஒத்துப்போகாமல் அந்தக் கணத்தில் மெஷின் அணைந்துவிடும். எக்ஸ்போர்ட் ஓடும்போதே சுவர் சுவிட்சை அணைத்துப் பார்த்தோம். யு.பி.எஸ். கத்தியது, மெஷின் நின்று பிடித்தது. லேசர் பிரின்டர் மட்டும் யு.பி.எஸ்.ஸில் சொருகியிருந்தது. அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்காது, அதைச் சுவர் பிளக்குக்கு மாற்றிவிட்டேன். மேசையின் பின்பலகையைக் கழற்றிக் காற்றுக்கு வழி விட்டோம்.

அதற்குப் பிறகு மாமா அவ்வப்போது ஈவென்ட் வியூவரைத் திறந்து படம் எடுத்து அனுப்புகிறார். புதிய 41 எதுவும் இல்லை. பழைய சப்ளையின் மேல் "12 வோல்ட் பழுது, பயன்படுத்தாதே" என்று மார்க்கரில் எழுதி, ஒயரை வெட்டி வைத்தாயிற்று. இல்லாவிட்டால் யாராவது நல்லது என்று எடுத்து இன்னொரு மெஷினில் மாட்டிவிடுவார்கள். "போர்டையும் ஒருவாட்டி மாத்திடலாமா?" என்று மாமா கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தக் காசில் படங்களுக்கு இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கி வைத்திருக்கிறார். தினமும் கடை மூடுவதற்கு முன் அன்றைய வேலை அதிலும் ஒரு பிரதி போகிறது.